அவருக்குக் கம்ப்யூட்டர் வராது

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலை தெரியவில்லை. கொடியில் நேற்றைய துணி இன்னும் ஈரம்.

இவருடைய மில்லிலிருந்து மறுபடியும் மெசேஜ். மாதக் கடைசிக்குள் எல்லோரும் ஆன்லைன் பயிற்சியை முடித்துப் பரீட்சை எழுத வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்கள் மெஷின் ஓடும் இடத்துக்குள் போக முடியாது. பக்கத்து ஊர் மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின்களுக்கு சூப்பர்வைசர், ஓய்வுக்கு இரண்டு வருஷம். மற்றவர்கள் முடித்தாயிற்று. இவர் முதல் பாடத்திலேயே நிற்கிறார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னு ஊருக்கே தெரியும்லா. அவிய ஏதாச்சும் பண்ணிக்கிடுவாவ."

ஊருக்கே தெரியும் என்பது உண்மை. மில்லில் இது ஒரு நிரந்தர வேடிக்கை.

எனக்கும் இந்த வகைப் படிப்பின் மேல் பெரிய மரியாதை இல்லை. கல்லூரியில் என்னை 'இ-கன்டென்ட்' தயாரிக்கச் சொன்னார்கள். காலி வகுப்பறையில் காமிராவைப் பார்த்துத் தேய்மானக் கணக்கு நடத்தினேன். அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் பாதி நானே.

வாஷிங் மெஷினில் ஒரு டிராவலர். நகக்கண் அளவு எஃகு வளையம், ஒரு பக்கம் திறந்தது. ரிங் ஃப்ரேமில் நூல் இதற்குள் ஓடித்தான் முறுக்கேறும். சட்டைப்பையில் வந்துவிடும், கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. முதல் வாரம் இது என்ன என்று கேட்டேன். சோறு ஆறும்வரை வகுப்பெடுத்தார். ரொம்ப நாளாயிற்று ஒன்று கிடைத்து. குங்குமச் சிமிழ் மூடியில் போட்டு வைத்தேன்.

கேஸ் புக் பண்ண. மகள் கௌசிக்குப் போன்.

ஜூலை 15, செவ்வாய்

இவருக்காக ஒரு தாளில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டினேன்:

எல்.எம்.எஸ். – பாடமெல்லாம் இருக்கும் இடம். பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
லாகின் – பேரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே போவது.
ஓ.டி.பி. – போனில் வரும் எண். யாரிடமும் சொல்லக் கூடாது, என்னைத் தவிர.
டேஷ்போர்டு – போனதும் தெரியும் பலகை. என்ன பாக்கி என்று குத்திக்காட்டும்.
மாட்யூல் – பாடம்.
ப்ரோக்ரஸ் பார் – பச்சைக்கோடு. நீண்டால் படித்ததாக அர்த்தம் (தூங்கினாலும் நீளும்).
அசெஸ்மென்ட் – பரீட்சை.
சப்மிட் – விடைத்தாளைக் கொடுப்பது. கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது.
லாக்அவுட் – வெளியே வந்து கதவைச் சாத்துவது.

வாசித்துச் சிரித்தார். "வாத்திச்சியைக் கட்டுனா இதான்."

நல்ல சிரிப்பு. இப்போதெல்லாம் குறைந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. காற்று கதவைப் பிடுங்குகிறது. தேருக்கு இப்போதே தெருவில் ஒலிபெருக்கி.

லாகின் மறந்து போயிற்று. நேற்றும் மறந்தது. தாளைப் பார்க்கச் சொன்னால், எந்தத் தாள் என்கிறார். கண் முன்னால் ஒட்டியிருக்கிறது.

கத்திவிட்டேன். "எம்புட்டுத் தடவைங்க சொல்றது? மனசு வச்சாத்தானே வரும்!"

எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்துகொண்டிருந்தது.

மில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவருடைய அம்மா இறந்த செய்தி. அதற்கு இவர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார். எல்லாவற்றுக்குமே கட்டைவிரல்தான். கேட்டால், "பாத்துட்டேன்னு அர்த்தம்" என்கிறார். குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணாச்சி, அவங்கம்மா பாஸாயிட்டாங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 19, சனி

கல்லூரி இல்லை. மழையும் இல்லை.

இரண்டாவது மாட்யூல் முழுக்க ரிங் ஃப்ரேம். எல்லாம் தமிழில். நிம்மதி. இதில் நான் சொல்லித்தர என்ன இருக்கிறது, இவர் வாத்தியாருக்கே வாத்தியார் என்று காப்பி போடப் போனேன்.

திரும்பி வந்தபோது அதே பக்கம். பெரிய படம். 'இந்தப் பாகத்தின் பெயர் என்ன?' கீழே நான்கு பெயர்.

"சொல்லுங்க."

"அதான்... அந்த இது. இதுல ஓடும்லா." விரல் காற்றில் சரியாகச் சுற்றியது. சொல் வரவில்லை. "ஸ்கிரீன்ல காட்டுனா என்னமோ மாதிரி இருக்கு. எனக்குத்தான் கம்ப்யூட்டர் வராதே."

ஆமாம், படம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க முயன்றேன். சிமிழ் மூடியை எடுத்துவந்து, டிராவலரை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது என்ன?"

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் காதைப் பார்த்தார்.

"உன் தோட்டுத் திருகாணி கழண்டுருச்சா?"

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

கம்ப்யூட்டர் இல்லை. கம்ப்யூட்டர் இல்லவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

குருசாமியை வரச் சொன்னேன். இவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், ஒரே ஷிப்ட். இவர் முடி வெட்டப் போயிருந்தார்.

"எப்பலேருந்து குருசாமி?"

காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன தீபாவளிக்கு முன்னாலேருந்தே மதினி. மெஷின் நம்பரு மாத்திச் சொல்லுவாவ. பேரு மறந்துரும். வயசுன்னு நினைச்சோம். பொறவு இந்தக் கம்ப்யூட்டர் வந்துச்சா, எல்லாத்தையும் அதுமேல போட்டுட்டோம்."

"நீங்க எங்கிட்டச் சொல்லலையே."

"எப்படி மதினி சொல்ல? எனக்கு வேலை சொல்லிக்குடுத்தவிய." டம்ளரைக் கீழே வைத்து, "ஒண்ணு மட்டும் சொல்லணும். ரோலர்ல பஞ்சு சுத்துனா மெஷினை நிப்பாட்டித்தானே எடுக்கணும்? ஓடும்போதே கையை விடுதாவ. ரெண்டு தடவை நான் பிடிச்சு இழுத்தேன். அவிய பின்னாலேயேதான் நிக்கேன். எனக்கு லீவுன்னா பயமா இருக்கு."

முடி வெட்டிக்கொண்டு இவர் வந்தார். குருசாமியைப் பார்த்ததும் பளிச்சென்று ஆனது முகம். "ஏலே, வா வா! சாப்டுட்டுத்தான் போகணும்."

பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. இதையெல்லாம் இப்போதுதான் கவனிக்கிறேன்.

மதுரையில் நரம்பு டாக்டர், 28ஆம் தேதி திங்கள். கௌசியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

மில்லிலிருந்து திவ்யா பேசினாள், பயிற்சிப் பொறுப்பு அவளுடையது. நல்ல பெண்.

"மேம், நாளைக்கு சாருக்கு அசெஸ்மென்ட் ஓப்பன் பண்றேன். நீங்க பக்கத்துல உக்காந்து க்ளிக் பண்ணிருங்க. கேமரால சார் முகம் தெரிஞ்சாப் போதும். நிறைய வீட்ல பிள்ளைங்கதான் எழுதுறாங்க."

சரி என்றேன்.

விடையெல்லாம் எனக்குத் தெரியும். இந்தச் சில நாளில் நான்தான் முழுதும் படித்திருக்கிறேன். க்ளிக் செய்தால் இரண்டு வருஷம் மரியாதையாகப் போய், மாலை போட்டு அனுப்பிவைப்பார்கள். இவர் கேட்பதும் அதுதான்.

குருசாமிக்கு ஒருநாள் லீவு வரும்.

ஜூலை 22, செவ்வாய்

யூனிஃபார்ம் சட்டை போட்டுத் தலை சீவி உட்கார்ந்தார். காமிராவுக்குத் தெரியாமல் நான் பக்கவாட்டில். மவுஸ் என் கையில்.

முதலில் வந்தவற்றை நான் போட்டேன். எழுதிவிட வேண்டியது, அவ்வளவுதான். பச்சைக்கோடு நீண்டது. மெதுவாகச் சொன்னார், "நல்லாப் போகுதே."

அப்புறம் அந்தக் கேள்வி. 'ஓடும் இயந்திரத்தின் ரோலரில் பஞ்சு சுற்றினால் என்ன செய்வீர்கள்?'

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "இது நீங்க சொல்லுங்க."

வாசித்தார். நெற்றியைத் தேய்த்தார். என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பிறகு முகம் தெளிந்து, அவரே மவுஸை நகர்த்தி, 'உடனே கையால் அகற்றுவேன்' என்பதை அழுத்தினார்.

அதற்கு மேல் நான் தொடவில்லை. மிச்சமெல்லாம் அவரே. சப்மிட்டும் அவரே.

'தேர்ச்சி பெறவில்லை. மீண்டும் முயலவும்.'

"பாஸா?"

"இன்னொரு நாள் பாக்கலாங்க."

"அதான் சொன்னேன்லா," என்றார், என்னைத் தேற்றுகிறவர் மாதிரி. "நீ விடு. எனக்குக் கம்ப்யூட்டர் வராது."

லாக்அவுட் செய்தேன். தாளைக் கிழித்தெடுத்தேன். பசை போகவில்லை.

ஜூலை 23, புதன்

வகுப்புக்கு நடுவே மாடிப்படியில் நின்று திவ்யாவிடம் பேசினேன்.

"இன்னொரு சான்ஸ் தரேன் மேம். சாருக்குக் கம்ப்யூட்டர் கஷ்டம்னு எங்களுக்கே தெரியும். பேப்பர்ல எழுதட்டும், வாயால சொல்லட்டும்."

"கம்ப்யூட்டர் இல்லம்மா. அவரை மெஷின் பக்கம் விடாதீங்க."

"மேம்" என்றாள். அப்புறமும் "மேம்."

வாய்விட்டு முதலில் சொன்னது முகம் தெரியாத ஒரு பெண்ணிடம். பெற்ற மகளிடம் இனிமேல்தான். நாளையிலிருந்து இவரை லீவு போடச் சொன்னாள் திவ்யா.

ஜூலை 25, வெள்ளி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

காலையில் யூனிஃபார்ம் போட்டு வாசலில் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். மில் லீவு என்றேன். தேருக்கா என்றார். ஆமாம் என்றேன். நேற்றும் இதேதான்.

கௌசி ராத்திரி பஸ்ஸில் வருகிறாள். போனில் ரொம்ப நேரம் அழுதாள். நான் அழவில்லை. அரிசி ஊறப்போட வேண்டும்.

மத்தியானம் துவைக்கச் சட்டையைக் கேட்டேன். கழற்றுமுன் பைக்குள் கைவிட்டு, மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பஸ் டிக்கெட். பிரித்தால் உள்ளே அந்த டிராவலர்.

"உன் திருகாணி. ஆசாரி கடை பூட்டிக் கெடக்கு. பத்திரமா வை, தொலைச்சிராத."

சரிங்க என்று வாங்கி, பீரோவைத் திறந்து, நகைப்பெட்டிக்குள் வைத்தேன்.