ஸ்கேன் அறைக்குள் அத்தையையும் அனுமதிக்கக் கோருதல்

அனுப்புநர்:
சிறுமியின் அத்தை,
நகரப் பேருந்து நடத்துநர்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: ஈரல் மாற்று அறுவை சிகிச்சை செய்த சிறுமியின் ஆண்டு ஸ்கேனின்போது உடனிருக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, என் ஈரலில் ஒரு துண்டை எடுத்துத் தங்கள் மருத்துவமனையில் அவளுக்கு வைத்தார்கள். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவோம். பெயருக்கேற்றபடி ஓரிடத்தில் நிற்கமாட்டாள்.

2. ஆண்டுதோறும் ஸ்கேனின்போது நானும் உள்ளே போவேன். வயிற்றில் தடவும் பசை சில்லென்றிருப்பதால் நெளிவாள். கையைப் பிடித்துக்கொண்டு, என் தடத்துப் பேருந்து நிறுத்தங்களை வரிசையாகக் காதில் சொன்னால் அசையாமல் கிடப்பாள். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டுவார். அந்தத் துண்டு முதலில் குழந்தை வயிற்றுக்குச் சற்றுப் பெரிதாம். அது பொறுத்திருக்க, இவள் வளர்ந்து அதற்கு ஈடுகொடுத்தாளாம். அதன்பின் இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. அவள் உடம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வளரும் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

3. இவ்வாண்டு முதல் தாய் தந்தையர் மட்டுமே உள்ளே போகலாம் என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். காவலர், "நீங்க அம்மா இல்லேல்ல? அப்ப ஓரமா உக்காருங்க" என்றார். அவர்மேல் குற்றமில்லை. படியில் தொங்குபவர்களை நாள் முழுக்க அதட்டுபவள் நான். விதியை மீற எனக்கே கூசியது. ஆனால் உள்ளே சுண்டெலி நெளிந்த நெளிப்பில் அளவு சரியாகக் கிடைக்கவில்லை. ரத்தக்குழாயை இணைத்த இடமும் தெளிவாகத் தெரியவில்லையாம். பிள்ளை வளர வளர அந்த இடம் குறுகுகிறதா என்று பார்க்கத்தானே இந்த ஸ்கேன்? வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே போயிருந்த தம்பியைத் துருவித் துருவிக் கேட்டதற்கு, "ஏதோ கறுப்பு வெள்ளையா தெரிஞ்சுதுக்கா" என்றான். அவனிடம் கேட்டது என் தப்பு.

4. ஆகவே, மறு ஸ்கேனுக்கு என்னையும் உள்ளே விடும்படி உத்தரவிடப் பணிவுடன் வேண்டுகிறேன். கொடுத்தவள் என்ற உரிமையில் கேட்கவில்லை. என்னிடம் மீந்தது அப்போதே பெருத்துச் சரியாகிவிட்டது, கொடுத்தது அவளுடையது. அவள் உயரம் கூடுவதையும் பல் விழுந்து முளைப்பதையும் தெருவே பார்க்கிறது. உள்ளே வளர்வதைப் பார்க்க எனக்கு அந்த ஒரு அறைதான் இருக்கிறது, ஐயா.

இடம்: பேருந்துப் பணிமனை ஓய்வறை
நாள்: இம்மாதம் பதினான்கு

இப்படிக்கு,
தங்கள் அனுமதியை எதிர்நோக்கும்
சுண்டெலியின் அத்தை
(ஒப்பம்)