ஆணியில் குத்திய திருத்தம்

பிதெயோ, ஞாயிறு

அன்பு மகள் ஹெட்விக்குக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாகவே இருக்கிறோம், நீ லுண்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சுகமாக இருப்போம். நேற்று நீ போனில் அழுதுகொண்டே வைத்துவிட்டாய், அப்புறம் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். வருஷாவருஷம் போல ஆற்றிறால் விருந்துக்கு எல்லோரும் காகிதத் தொப்பி மாட்டி உட்கார்ந்திருந்தோம். உன் அப்பா ஒரு இறாலைத் தூக்கிப் பிடித்து, அதன் வால் வளையங்களைக் காட்டி, "இந்த வளையத்துக்கும் கடல்புழு வளையத்துக்கும் நம்ம முதுகெலும்புக்கும் ஒரே பாட்டன்தான், எம் பொண்ணு டாக்டர் பட்டத்துக்குப் புத்தகமே எழுதி, அங்க வழக்கப்படி எல்லாரும் பாக்க லுண்டு பல்கலைக்கழகச் சுவர்ல ஆணியடிச்சு மாட்டிட்டா" என்று அளந்துகொண்டிருந்தார். மார்கிட் அத்தை, "முதல்ல அந்தப் பாட்டனைத் தின்ன விடுடா ருனே" என்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் உன் போன்.

இறாலில் வளையங்களை உண்டாக்கும் மரபணு, புழுவில் வளையங்கள் உருவான பிறகுதான் வேலை செய்கிறது, அதை முன்பு தப்பாகப் பார்த்துவிட்டேன், வளைய உடம்பு தனித்தனியாகவே தோன்றியிருக்கலாம் என்றாய். ஆணியடித்த புத்தகத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாதாம், அதனால் திருத்தத்தை அச்சடித்து அதே ஆணியில் குத்திவிட்டாயாம், வெள்ளிக்கிழமை பட்டத்துக்காகக் கேள்வி கேட்கும் சபையில் கிழித்துவிடுவார்கள், பட்டம் போய்விடும் என்று அழுதாய். இதை நான் எல்லோரிடமும் சொன்னதும் அத்தை, "யாருக்குத் தெரியப் போகுது, வாய மூடிட்டு இருந்திருக்கலாமே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அப்பா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம் மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார். "எல்லாரும் கேளுங்க, ஒரே பாட்டன்னு நான் சொன்னது நிக்காது. அதைக் கண்டுபிடிச்சது யாரு? அதுவும் எம் பொண்ணுதான்!" பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், முன்னைவிட இரண்டு பங்கு சத்தமாக.

அடி பெண்ணே, நீ புத்தகத்தை மாட்டிய அன்று சந்தோஷப்பட்டேன். உன் தப்பை உன் கையாலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி குத்தினாய் என்று கேட்ட பிறகுதான் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வியாழன் ரயிலில் வருகிறோம். வெறும் வயிற்றோடு சபைக்குப் போகாதே, உனக்குக் குரல் நடுங்கும். அந்த அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டால் சுற்றி வளைக்காமல், நான்தான் தவறினேன், நான்தான் பிடித்தேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல். பட்டம் கொடுப்பது அவர்கள் பாடு. நீ யாரென்று எங்களுக்கு நேற்றே தெரிந்துவிட்டது. நன்றாக இரு, என் தங்கமே.

உன்னைப் பெற்ற கர்வத்துடன்,
அம்மா ஆக்தா