கம்பெனிப் பெட்டியும் அம்மா அறைக் கேமராவும்

மேலகரம்,
ஆனி 28

அன்பு மகள் மகேஸுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், அம்மா இரண்டையும் கேட்பாள், அதனால்தான் காகிதம். சாரல் நன்றாக விழுகிறது, மாடிக்கு அருவி சீசன் ஆட்கள் வந்துபோகிறார்கள்.

போன செவ்வாய் நான் வெங்காயம் வாங்க பாவூர்சத்திரம் போயிருந்தபோது அம்மா வாக்கரைப் பிடிக்காமல் எழுந்து கட்டிலடியில் விழுந்துவிட்டாள். பயப்படாதே, இடுப்பில் ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும். நான் வருவதற்குள் பக்கத்து வீட்டு சங்கரநாராயணன் பெண்டாட்டியோடு ஓடிவந்து தூக்கி உட்கார வைத்திருந்தான். கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகுதான் உறைத்தது, கதவு சாத்தியிருந்தது, டிவி அலறிக்கொண்டிருந்தது, இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டால், மேட்ச் பாக்கத்தான் அண்ணாச்சி ஒங்க வைஃபையில நொழஞ்சேன், பொறவு கேமராவும் தெரிஞ்சுது, மதினி எப்படி இருக்காவன்னு அப்பப்ப பாத்துக்கிடுதேன் என்கிறான். வெட்கமே இல்லை, ஏதோ நம் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவன் மாதிரி சொல்கிறான். பேரன் எடுத்த வயதில் அடுத்த வீட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்க்கிற பிறவி!

இன்டர்நெட் கம்பெனி ஆள் விஜய்பாண்டியைக் கூப்பிட்டு என்ன பாஸ்வேர்டு போட்டாய் என்று கேட்டேன். எல்லா வீட்டுக்கும் அவிய போன் நம்பர்தான் போடுதோம் அண்ணாச்சி, மறக்காதுல்லா என்று பெருமையாகச் சொன்னான். நம் நம்பர் வாசல் கேட்டில் தொங்குகிறது, சீசனுக்கு மாடி வாடகைக்கு என்று முழ உயர எழுத்தில். இந்த அறிவுக்குக் கழுத்தில் ஐடி கார்டு வேறு.

நீ அனுப்பிய ரூட்டரை மாட்டியும் எப்படி என்று கேட்பாய். இன்டர்நெட் கம்பெனி வைத்த பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் நம் ரூட்டருக்கு மாற்றச் சொல்லி நீ இரண்டு தடவை சொன்னாய். அந்த மேதை விஜய்பாண்டி, ரெண்டும் ஓடட்டும், சிக்னல் நல்லா நிக்கும் என்றான். மின்வாரியத்தில் முப்பது வருஷம் லைன் பார்த்த நான் தலையாட்டினேன். வாசலுக்குப் புதுப் பூட்டு, கொல்லைக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. நீ சொல்லி சித்திரையில் அம்மா அறையில் மாட்டிய கேமரா பழைய வைஃபையிலேயே இருந்தது, அதற்கும் அதே போன் நம்பரைப் போட்டவன் நான்தான். அவனை மடையன் என்று திட்டுகிறேனே, எனக்கு என்ன பேர் வைப்பது? இப்போது பக்கத்தில் நின்று அவனையே பெட்டியின் வைஃபையை அணைக்க வைத்தேன், பெட்டிக்குள் நுழைகிற பாஸ்வேர்டையும் மாற்றியாகிவிட்டது.

அம்மாவிடம் எல்லாம் சொல்லி சங்கரநாராயணனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான். அவரு என்னைக் கேக்காமப் பாத்தாரு, சரி. ஒங்க மக என்னைக் கேட்டுக்கிட்டா மாட்டச் சொன்னா? மாட்டும்போது நீங்க கேட்டியளா? மகேஸ், சித்திரையிலிருந்து அவள் சேலை மாற்றும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். இடுப்பு வலி என்று நினைத்தேன்.

கேமராவைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். அவள் கேட்டபடி கட்டிலருகே காலிங்பெல் சுவிட்ச் வைத்திருக்கிறேன், மணி ஒன்று நம் கூடத்தில், இன்னொன்று சங்கரநாராயணன் வீட்டில். அந்த ஆள் வீட்டிலா என்று குதித்தேன். விழுந்தப்ப தூக்குனது அவருதானே, அழுத்தினா வரட்டும், அழுத்தாதப்ப யாரும் பாக்கவேண்டாம் என்றுவிட்டாள்.

உன் வீட்டுப் பாஸ்வேர்டும் என் போன் நம்பர்தான் என்று ஒருதரம் சொன்னாய், இன்றைக்கே மாற்று. உனக்கும் மாப்பிள்ளைக்கும் சகல சௌபாக்கியமும் உண்டாக எங்கள் ஆசிகள். அம்மாவைப் பார்க்கத் தோன்றினால் வீடியோ காலில் கூப்பிடு. அவள் எடுத்தால் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
குமரகுரு