வாசித்து விளங்கப்படுத்தி

பெப்ரவரி 10, திங்கள்

பிரிண்டர் மை காலையிலேயே முடிந்துவிட்டது. வாசலில் ஆறு பேர் குந்திக்கொண்டிருக்கிறார்கள், கரண்டும் போய் வருகிறது. சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மகன் வெளிநாட்டில் அகதி வழக்குப் போட்டிருக்கிறானாம், வீட்டுக் கடிதம் வேண்டுமாம். "எல்லாருக்கும் அடிச்சுக் குடுக்கிற மாதிரி ஒண்டு அடியுங்கோ பிள்ளை." அடித்துக் கொடுத்தேன். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு அலுவலகத்தில் பதினொரு வருடமாக இதே தட்டச்சு வேலை. அந்தக் கடிதம் கண்ணை மூடினாலும் விரலில் வரும்.

மேர்சி வியாழனிலிருந்து போன் எடுக்கவில்லை. நத்தார் பண்டிகைக்கு மறுநாள் அவளைப் பிடித்துத் தடுப்பு முகாமில் போட்டார்கள். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக்கொண்டிருந்தவள். எந்த நாடு என்று இதில் எழுதமாட்டேன். எழுதி மாட்டுப்பட்டவர்களின் கதைகள் எங்கள் அலுவலகத்தில் நிறைய.

மேர்சி என் தங்கச்சி. ஆறு வருடத்துக்கு முன்பு எங்கள் குருநகரில் அவளை யார் என்று கேட்டிருந்தால், எங்கள் அப்பா அடைக்கலநாதனின் மகன் சுரேஸ் என்று சொல்லியிருப்பார்கள். இப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஏன் எடுக்கிறாள் இல்லை?

பெப்ரவரி 12, புதன்

மத்தியானம் எடுத்தாள்.

"அக்கா, என்னை ஆம்பிளையளின்ரை பக்கம் மாத்திப்போட்டாங்கள்."

இவ்வளவு நாளும் பெண்கள் பகுதிக்குப் பக்கத்தில் தனி அறையில் இருந்தாள். எந்தப் பக்கம் விடுவது என்று முடிவு எடுக்கும்வரைக்கும் அங்கே என்று சொல்லியிருந்தார்கள். ஏனடி மாற்றினவை என்று கேட்டேன்.

"வீட்டுக் கடிதம் வந்ததாம். அதிலை அப்பா 'எனது மகன்' எண்டு சத்தியம் பண்ணிச் சைன் வைச்சிருக்கிறாராம். பெத்த தேப்பனே ஆம்பிளை எண்டு சொல்லுறார், நாங்கள் என்ன செய்யிறது எண்டு கேக்கிறாங்கள்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஆர் அக்கா அந்தக் கடிதத்தை அடிச்சது?"

தெரிந்துதான் கேட்டாள்.

பெப்ரவரி 13

நான்தான். வேறை ஆர்?

பெப்ரவரி 15, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அங்கே மேர்சியின் வழக்கறிஞருக்கு மொழிபெயர்க்கிறது கோபிகா என்ற மானிப்பாய்ப் பிள்ளை. ஜனவரியில் அவள் எனக்குச் செய்தி அனுப்பினாள்: திருப்பி அனுப்பினால் ஆபத்து என்று வீட்டிலிருந்து ஒரு சத்தியக் கடதாசி வேண்டும், கெதியாக வேண்டும். நான் கணினியில் 'மகன் - வெளிநாடு' என்ற கோப்பைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், பிறந்த திகதியை மாற்றினேன். "மேற்படி எனது மகன் தமிழ் இளைஞர் என்ற காரணத்தினால்..." என்ற நாலாம் பந்தியை அப்படியே விட்டேன். அப்பா வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். எங்கள் அலுவலக விறாந்தையில் மேசை போட்டிருக்கிற சமாதான நீதவான், ஜே.பி. கனகசபாபதி சேரும் வாசிக்காமல் முத்திரை குத்தினார். கீழே மட்டும் எல்லாக் கடிதத்திலும் இருக்கிற வரி: "வாசித்து விளங்கப்படுத்தி, விளங்கிக்கொண்டதன் பின் ஒப்பமிடப்பட்டது." வடமாகாணம் முழுக்க அந்த வரி பொய்தான். ஒருவருக்கும் ஒன்றும் நடப்பதில்லை.

மாற்ற மறந்துவிட்டேன் என்று புதன்கிழமை மேர்சியிடம் சொன்னேன். மறந்தேனா? நாலாம் பந்தியில் கண் நின்றது. 'மகள்' என்று அடித்தால் அப்பா கையெழுத்துப் போடமாட்டார், வீட்டில் பிரளயம் நடக்கும் என்று பயந்தேன். இப்போதைக்கு இது போகட்டும் என்று விட்டேன். பேய்ச்சி. பதினொரு வருடம் ஊர்க் கடிதமெல்லாம் அடித்த எனக்குத் தெரியாதா, ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்று?

பெப்ரவரி 19, புதன்

எட்டு நாளாகக் குளிக்கவில்லையாம். குளிக்கிற இடத்துக் கதவுக்கு உள்ளால் போட்டுக்கொள்ளக் கொண்டி இல்லை. முதல் நாள் குளிக்கப் போனபோது மூன்று பேர் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு நின்று சிரித்தார்களாம். ஒருவன் துவாயைப் பறித்துக்கொண்டு போனானாம். காவலனிடம் சொன்னால், "நீயும் ஆம்பிளைதானே, என்ன வெக்கம்?" என்றானாம்.

படுக்கிற அறையும் அப்படித்தான். கதவோடு கட்டிலை இழுத்துப்போட்டுப் படுக்கிறாள்.

"அக்கா, நீ அழாதை. உன்ரை அழுகையைக் கேக்க எனக்கு நேரம் காணாது, பத்து நிமிசந்தான் தருவாங்கள்."

அப்படி ஒரு வாய் அவளுக்கு. நான் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

பெப்ரவரி 24, திங்கள்

தனி அறைக்கு மாற்றிவிட்டார்களாம், அவளுடைய பாதுகாப்புக்காக. கோபிகாவின் செய்தி. அம்மா கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். அப்பாவுக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் குசினியில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அப்பாடா.

பெப்ரவரி 27, வியாழன்

என்ன அப்பாடா. மண்ணாங்கட்டி.

அது தண்டனை அறை. சண்டை பிடிக்கிறவர்களைப் போடுகிற இடம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் வெளியே விடுவார்கள். லைட் அணைக்கமாட்டார்கள். கிழமைக்கு ஒருதரம்தான் போன். கதவைத் தள்ளினவங்கள் வெளியே பந்தடிச்சுக்கொண்டு திரியிறாங்கள், இவள் உள்ளுக்கு. ஆரைப் பாதுகாக்கினம்?

"இஞ்சை ஆரும் வரமாட்டாங்கள் அக்கா. ஆனா எனக்கு என்ரை குரலே மறந்து போகுது" என்றாள்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன் என்பதால் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அலுவலகத்தில் இருந்தபோது கோபிகா எடுத்தாள். இருபத்தைந்தாம் திகதி மேர்சியை எங்கே வைப்பது என்று விசாரிப்பார்களாம். முதல் கடிதம் பிழை என்று, அதில் கையெழுத்துப் போட்டவரே சத்தியம் செய்து திருத்த வேண்டும்.

"அம்மா போட்டால் காணாதோ?"

"காணாது அக்கா. தேப்பன் ஒண்டு சொல்லுறார் தாய் ஒண்டு சொல்லுறா எண்டு தூக்கி எறிஞ்சிடுவினம். அப்பாதான் வேணும். அதோடை, இஞ்சை அவவுக்கு உண்மையா என்ன நடந்தது எண்டும் எழுதோணும். அந்தத் தமிழ் இளைஞர் கதை வேண்டாம்."

அப்பா ஆறு வருடமாக அவளுடைய பெயரை எடுத்ததில்லை. எந்தப் பெயரையும்.

மார்ச் 8, சனி

கேட்டேன். அப்பா கடலில் தொழில் முடித்து வந்து, குளித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்தது எல்லாவற்றையும், குளிக்கிற இடம், தனி அறை, இருபத்தைந்தாம் திகதி, ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா சொதிச்சட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"நான் பெத்தது பெடியன்."

"அப்பா, அங்கை அவளை—"

"கடிதம் கேட்டியள். சைன் வைச்சுத் தந்தனான். இனி என்னட்டை ஒண்டுக்கும் வரவேண்டாம்."

கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அம்மா சட்டியை வைத்தார். "முப்பத்திரண்டு வரியமா உந்தக் கல்லைத்தான் கட்டிக்கொண்டு அழுறன்" என்று அவருக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன். 'அ' பெரிதாக, கடைசியில் தூண்டில் மாதிரி ஒரு வளைவு. ஒன்பதாம் தரம் அச்சொட்டாக வந்தது. கனகசபாபதி சேர் வாசிக்கவா போகிறார்? குத்திவிடுவார்.

பிடிபட்டால் மேர்சியின் வழக்கு முழுவதும் பொய் என்று ஆகிவிடும். தாளைக் கிழித்துக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். இருந்தாலும் விரலுக்கு அந்த வளைவு பழகிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

பின்னேரம் அப்பா வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போகப் பார்த்தேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"அந்தக் கதவுக்கு உள்ளாலை கொண்டி இல்லையெண்டோ சொன்னனி?"

"ஓம்."

"ஒண்டுக்கும் இல்லையோ?"

"ஒண்டுக்கும் இல்லை அப்பா. வெளியாலைதான் பூட்டு."

ஊசி நின்றது. பிறகு ஓடியது.

தொண்ணூற்றாறில் ஆமிக்காரர் அப்பாவை நாலு மாதம் பிடித்து வைத்திருந்தார்கள். எனக்கு அப்போது இரண்டு வயது. திரும்பி வந்தவர் அதைப் பற்றி அம்மாவிடம்கூட ஒரு சொல் கதைத்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கழிவறைக் கதவில் இரண்டு கொண்டி இருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. சின்ன வயதில் நானும் மேர்சியும் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பா பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபடியே, "நாளைக்கு எத்தினை மணிக்குக் கந்தோர் திறப்பியள்?" என்றார்.

இன்றிரவு எனக்கு நித்திரை வராது போல.

மார்ச் 17, திங்கள்

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஒன்பதரைக்கு அப்பா வந்தார், வெள்ளைச் சேட்டுப் போட்டு. நான் அடித்து வைத்ததைக் கனகசபாபதி சேரின் மேசையில் வைத்தேன். சேர் வழக்கம்போல முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

"வாசியுங்கோ" என்றார் அப்பா.

"என்ன அடைக்கலநாதன், உம்மடை மகள் அடிச்சதுதானே?"

"போன முறையும் அவள்தான் அடிச்சவள். வாசிக்காமல் வைச்சுத்தான் இந்த நிலைமை. வாசியுங்கோ சேர்."

சேர் நாற்பது வருடம் வாத்தியார். அவருக்கு மெல்லிய குரலில் வாசிக்கத் தெரியாது. விறாந்தையில் எட்டுப் பேர், அதில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற பெர்னடெட் அக்காவும் ஒருவர். அவருக்குத் தெரிந்தால் குருநகர் முழுவதும் தெரிந்தமாதிரி. சேர் வாசிக்கிறார்: "அடைக்கலநாதன் ஆகிய நான் சத்தியம் செய்து கூறுவதாவது. மேர்சி என அழைக்கப்படும் எனது மகள்—" அங்கே சேரின் குரல் ஒருதரம் தடக்கியது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். பெர்னடெட் அக்கா விசிறிக்கொண்டிருந்த பேப்பரை மடியில் வைத்தார்.

ஐந்தாம் பந்தி: "2019ஆம் ஆண்டு இறங்குதுறையில் ஊரைச் சேர்ந்த நால்வர் எனது மகளைப் பிடித்து இருத்தி, வலை வெட்டும் கத்தியால் அவரது தலைமுடியை அறுத்தனர்." மேர்சி எனக்குச் சொன்னதை அப்படியே அடித்திருந்தேன்.

"அதிலை ஒண்டு விட்டுப்போச்சு" என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார். "நானும் அங்கை நிண்டனான். பாத்துக்கொண்டு நிண்டனான். தடுக்கேல்லை. அதையும் அடி."

எனக்கு அது தெரியாது. மேர்சி ஒரு நாளும் சொல்லவில்லை. ஆறு வருடம் — என்னட்டைக்கூடச் சொல்லேல்லையேடி நீ.

உள்ளே போய் அடித்தேன். 'நானும்' என்ற சொல்லை மூன்று தரம் பிழையாக அடித்தேன். சேர் புதுத் தாளையும் முதலிலிருந்து வாசித்தார், இந்தமுறை யாரும் கேட்காமலே. அப்பா கையெழுத்துப் போட்டார். தூண்டில் வளைவு. நான் பழகினது மாதிரி இல்லை, கோணலாகப் போனது.

மார்ச் 19, புதன்

அப்பாவின் வள்ளத்துக்கு வருகிற இரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. சுகமில்லையாம். அப்பா மற்றவரோடு போனார்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று விசாரணை. போன் இல்லை.

மார்ச் 26

போன் இல்லை. ஒரு காணி உறுதிப் பத்திரத்தில் கிழக்கையும் மேற்கையும் மாற்றி அடித்து ஏச்சு வாங்கினேன்.

மார்ச் 29, சனி

முடிவைப் பிறகு அறிவிப்பார்களாம். பிறகு என்றால் எப்போது? கோபிகாவுக்கும் தெரியாது. இந்தக் கிழமை மேர்சிக்குப் போன் தரவும் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வாய் வரவில்லை, "சாப்பிடுறாளோ" என்று கேட்டேன். அம்மா தவக்காலத்துக்கு மீன் மச்சம் விட்டவர் இப்போது சோற்றையும் விட்டுவிட்டார். நான் அவரோடு கத்தினேன். பிறகு என்னோடு நானே கத்தினேன்.

ஏப்ரல் 2, புதன்

'மகன் - வெளிநாடு' கோப்பை அழித்துவிட்டேன். இனி வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். வரிசை நீளும். நீளட்டும்.

ஏப்ரல் 5, சனி

மூன்று மணிக்குப் போன் அடித்தது. மேர்சி.

நேற்றுப் பின்னேரம் பெண்கள் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். வழக்கு ஜூனில்தான். அனுப்புவார்களா, விடுவார்களா, அது இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் குளித்துவிட்டாளாம். அரை மணித்தியாலம் குளித்தாளாம், தலைமுடிக்குச் சம்பூவும் போட்டாளாம். அம்மா போனைப் பறித்து அழுதுகொண்டே, என்ன சாப்பிட்டனி, என்ன சாப்பிட்டனி என்று அதையே கேட்டார்.

அப்பா வலையை வைத்துவிட்டு வந்து கதவடியில் நின்றார். அம்மா போனை நீட்டினார். வாங்குவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கினார். காதில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்தார்.

"மேர்சி" என்றார். "அங்கை உள்ளாலை கொண்டி இருக்கோ?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"ஓம்... சரி. போட்டிட்டுப் படு."