குமிழி மேலே போகும்

ஜூன் 4

மதிப்பிற்குரிய முற்றுப்புள்ளிக்கு,

நான் நலம். நீயும், உன் தங்கையும், அவள் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம் என்றால், எந்தக் காதில் வைத்தாலும் வண்டு குடைகிற சத்தம்தான் கேட்கிறது. அதனால் கடிதம்.

பயப்படாதே, திரும்பி வா என்று கெஞ்ச எழுதவில்லை. வேலை விஷயம். ஒரு பத்திரிகை ஆரம்பிக்கிறேன். மூழ்கிய கப்பல்களைத் தேடி இறங்குகிறவர்களுக்கும், அந்தக் கப்பல்களின் கதை தெரிய வேண்டும் என்கிறவர்களுக்கும். இறங்குவது மற்றவர்கள் பாடு. நான் மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். அச்சகத்து மாடியில் ஓர் அறை பிடித்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். கீழே மெஷின் ஓடும்போது சத்தம் கேட்பதில்லை, மேசை நடுங்குவது மட்டும் தெரிகிறது.

'மூழ்கிய கப்பல்' என்று பெயர் வைக்க யோசனை. முதல் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஊரார் புத்தகத்துக்கெல்லாம் புரூஃப் பார்த்தவள், எனக்குப் பார்க்க மாட்டாயா?

இப்படிக்கு,
கரையில் இருக்கும் உன் வீட்டுக்காரன்


ஜூன் 10

ஆசிரியர் அவர்களுக்கு,

புரூஃப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். ஒற்றுப் பிழைகளைத் திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்துவிட்டது. தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மாமாவோட கட்டுரைக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

மூழ்கிய கப்பல் என்று பெயர் வைத்தால் பத்திரிகையும் மூழ்கும். விளங்குகிற மாதிரி ஏதாவது வையுங்கள். 'கடலடி' போதும்.

இன்னொன்று. கூரை ஓடும் தையல் மெஷினும் ஏற்றி வந்த அந்தக் கப்பல், துறைமுகத்து விளக்கு தெரிகிற தூரத்தில் கவிழ்ந்தது என்று ஆரம்பிக்கிறீர்கள். அலை, காற்று, எடை, கேப்டனின் மீசை எல்லாம் வருகிறது. ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதுவரை என் உயிர் என்னிடம் இல்லை. எல்லோரும் பிழைத்தார்கள் என்றால் அதை முதல் வரியில் போடுங்கள். படிக்கிறவளைத் தவிக்க விடாதீர்கள். எனக்கு அந்தத் தவிப்பு போதும் போதும் என்றாகிவிட்டது. காதில் ரத்தத்தோடு நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். இன்னொரு தடவை கடலுக்குள் போனால் காதும் போகும், ஆளும் போகலாம் என்றார் டாக்டர். அதற்கப்புறமும் எனக்குத் தெரியாமல் போனீர்கள். அன்றைக்குச் சொன்னதுதான் இன்றைக்கும்: இனி தண்ணீரில் இறங்கினால் நான் வரமாட்டேன்.

என் மஞ்சள் குடையை அங்கேயே விட்டுவிட்டேன். இங்கே தினமும் மழை. பார்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
புரூஃப் பார்ப்பவர்


ஜூன் 21

அன்புள்ள புரூஃப் பார்ப்பவருக்கு,

நீ சொன்னபடியே 'கடலடி'. நீ சொன்னபடியே முதல் வரி. பல் டாக்டரிடம் படித்துக் காட்டினேன். "இப்பதான் சார் நிம்மதியா படிக்க முடியுது" என்றார். அவரும் அவர் மனைவியும்தான் நமக்காக இறங்குகிறார்கள். வாரம் முழுவதும் மற்றவர்களை வாய் திறக்கச் சொல்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு கடலுக்குள் போகிறார். படம் எடுப்பது அந்த அம்மாள்.

அட்டையின் புரூஃபை லேஅவுட் போடுகிறவரே உனக்கு நேராக அனுப்புவார். நான் இன்னும் பார்க்கவில்லை.

குடை இப்போதைக்கு வராது. அது வேலையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆசிரியர்


ஜூன் 26

ஆசிரியர் அவர்களுக்கு,

அட்டை வந்தது. கப்பலுக்குப் பக்கத்தில் ஒருவர் நீந்துகிறார். முகமூடியில் முகம் தெரியவில்லை. முழங்கால் தெரிகிறது. அதில் பச்சை ஒட்டு. என் பழைய ரெயின்கோட்டை வெட்டி உங்கள் டைவிங் உடுப்பில் நான் போட்ட ஒட்டு. தையல் கோணலாகப் போன இடம்கூடத் தெரிகிறது.

கரையில் இருக்கிறேன் என்று எழுதினீர்களே. மேசையில் உட்கார்ந்து எழுதுவேன் என்றீர்களே. அதை நம்பித் தங்கையிடம்கூடச் சொல்லிவிட்டேன், மனுஷன் மாறிட்டாருடி என்று. என் முகத்தில் நன்றாகக் கரி பூசினீர்கள். அழுதேன், மறைக்கவில்லை. கோபத்தில் இல்லை, பயத்தில்.

வாங்கின வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறேன். படம் தலைகீழாக இருக்கிறது. மூச்சுக் குமிழியெல்லாம் கீழே போகிறது. தண்ணீருக்குள் தலையை விட்டதே இல்லை நான், ஆனால் அடுப்பில் தண்ணீர் கொதிக்கப் பார்த்திருக்கிறேன். குமிழி மேலேதான் வரும்.

இனி எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். குடையை மட்டும் அனுப்புங்கள்.

புரூஃப் பார்ப்பவர்


ஜூலை 1

என் முற்றுப்புள்ளிக்கு,

நான் இறங்கவில்லை. முதல் வரியிலேயே போட்டுவிட்டேன்.

உடுப்பு என்னுடையது, ஆள் நானில்லை. பல் டாக்டரின் உடுப்பு அக்குளில் கிழிந்துபோனது. என்னுடையது ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு அன்றைக்கு ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

உன் கடிதம் வந்தபோது அட்டை மெஷினில் ஏறியிருந்தது. படியில் விழுந்தடித்து ஓடி நிறுத்தினேன். நல்லவேளை, சில தாள்கள்தான் போயின. லேஅவுட் போடுகிறவர் தலையைச் சொறிந்தார். "கப்பல்னா நிமிர்ந்துதானே சார் நிக்கும்? நீங்க தெரியாம திருப்பிக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். அந்தக் கப்பல் கவிழ்ந்து, அடிப்பக்கம் மேலாகக் கிடக்கிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அவர் கட்டுரை படிப்பதில்லை, பக்கம் மட்டும்தான் போடுவார்.

திருப்பியதோடு விடவில்லை, ஓரத்தையும் வெட்டியிருக்கிறார். "ஏதோ மஞ்சக் கறை சார். அசிங்கமா இருந்துது" என்றார்.

முழுப் படத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நேராகப் பிடித்துப் பார். அந்த அம்மாள் கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தது. மேல் ஓரத்தில் படகின் அடிப்பாகம் தெரியும். அதன் பக்கத்தில்தான் அந்தக் கறை. தங்கை வீட்டுக்காரரிடம் பூதக்கண்ணாடி இருந்தால் வாங்கிக்கொள்.

சும்மா நின்ற அந்தப் படகில் உட்கார்ந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். இறங்கிய காலத்தில் ஒருநாளும் எடுத்ததில்லை. பல் டாக்டரும் அவர் மனைவியும் சேர்ந்து மேலே வருகிற வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நீ என்ன பாடு பட்டாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 5

என்னங்க,

முதல் வரியைப் படித்ததும் வாசலில் செருப்பு வைக்கிற பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். தங்கை ஓடி வந்து, "யாருக்கு என்னக்கா?" என்றாள். "ஒண்ணும் இல்லடி, ஒண்ணுமே இல்ல" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

படத்தை நால்வரும் பார்த்தோம், பக்கத்து வீட்டம்மா உட்பட. மேலே வெளிச்சத்தில் வட்டமாக மஞ்சள். அதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கிற ஒரு வழுக்கைத் தலை. "இது மாமா மண்டைதான், சத்தியமா" என்றாள் தங்கை. கம்பி ஒன்று வளைந்திருக்கிறதே, என்ன செய்தீர்கள் என் குடையை? நன்றாகச் சிரித்தோம். அப்புறம் நான் மட்டும் அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். இது வேறு அழுகை.

பச்சை ஒட்டைப் பார்த்தவள், உங்கள் தொப்பை எங்கே என்று பார்த்திருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது. இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு பெரிய பிழையை நான் விட்டதில்லை.

அந்த மஞ்சளை வெட்ட வேண்டாம் என்று லேஅவுட் போடுகிறவரிடம் சொல்லுங்கள். அட்டையில் அது இருக்கட்டும். ஏழாம் பக்கத்தில் 'கப்பல் தலைவன்' என்பது 'கப்பல் தலையன்' என்று நிற்கிறது, அதையும் பாருங்கள். இல்லை, விடுங்கள். நானே அந்த நடுங்குகிற மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலைப் பேருந்தில் ஏறுகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன். அங்கேயும் மழை பிடித்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள்.

குடையை அனுப்ப வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
முற்றுப்புள்ளி