தனியே பறந்தவளின் படமும் தகப்பன் கையெழுத்தும்

அனுப்புநர்:
மரியரட்ணம் வின்சன்ற்,
கடற்றொழிலாளி,
கடற்கரை வீதி, கொழும்புத்துறை.

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர் அவர்கள்,
மாணவர் பறப்பு முகாம் அலுவலகம்,
யாழ்ப்பாணம்.

பொருள்: பறப்பு முகாமுக்குத் தெரிவான என் மகள் வி. ஷெரோனை, ஆண் துணை இல்லையென்று நீக்க இருப்பதை ஆட்சேபித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மானக்கேட்டை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். கடந்த மாதம் நீங்கள் மாணவர்களுக்குக் காட்டிய திரைப்படத்தின் நடுவில், மூன்றாம் வரிசையில் சத்தி எடுத்தவன் நான்தான். கடலைக் கிளப்பும் சோளகக் காற்றிலும் வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறவன், மெத்தைக் கதிரையில் இருந்து கவிழ்ந்துபோனேன். படத்தில் விமானம் ஒரு பக்கமாகச் சரிந்ததில் தலை சுற்றிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னேன். மண்டபத்தைக் கழுவிய அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

2. அந்தப் படம், முதன்முதலாகத் தனியே கடல் கடந்து நெடுந்தூரம் பறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு. அதைப் பார்க்கப் பெண் பிள்ளைகள் தகப்பனோடோ தமையனோடோதான் வரவேண்டும் என்று அறிவித்திருந்தீர்கள். அதனால்தான் நானும் போனேன். படம் முடிய, துணைக்குப் போன என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்தி வீடு கொண்டுவந்து சேர்த்தவள் ஷெரோன். அவளுக்குப் பதினெட்டு வயது. சாரதி அனுமதிப்பத்திரமும் உண்டு.

3. படம்பற்றி நீங்கள் வைத்த கட்டுரைப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். பரிசு, கொழும்பில் ஒரு வார முகாம். கடைசி நாள் சிறிய விமானம் ஒன்றில் ஏற்றுவார்களாம். இப்போது உங்கள் கடிதம் சொல்கிறது: ஆண் துணை ஒருவர் கையொப்பமிட்டு உடன் வராவிட்டால் அவளுடைய இடம் இரண்டாவதாக வந்த பையனுக்குப் போகும். பையன் தனியே போகலாம். அவன்மீது எனக்குக் கோபமில்லை, நல்ல பிள்ளை.

4. விளக்கம் கேட்க வந்தபோது உங்கள் எழுதுவினைஞர் அன்பாகவே கதைத்தார். "அண்ணை, ஒரு கையெழுத்துத்தானே? போட்டிட்டு வீட்டிலை இருங்கோ. ஆர் பாக்கப் போகினம்?" என்றார். "தம்பி, படத்திலை அந்தப் பிள்ளைக்குப் பின்சீற்றிலை தேப்பன் இருந்தவரோ?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பேனையை நீட்டினார். அதை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

5. ஐயா, எனக்கு வர வசதியில்லை என்று நினைக்க வேண்டாம். வரலாம். வரமாட்டேன். பொய்க் கையெழுத்தும் வைக்கமாட்டேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என்னைப் பதினாறு வயதில் தனியே கடலுக்கு அனுப்பியபோது எவரும் துணை கேட்கவில்லை. தனியே பறந்தவளுக்குக் கைதட்டச் சொல்லிவிட்டு, கொழும்பு பஸ்ஸில் தனியே ஏறாதே என்று அதே பிள்ளைக்குச் சொல்வது என்ன படிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. முகாமில் பெண் பொறுப்பாளர் இல்லையென்றால் ஒருவரை நியமியுங்கள். அது உங்கள் வேலை. என் மனைவி மக்டலீனும் நியாயமாகத்தான் கேட்கிறாள்: "கதிரையிலை இருந்து சத்தி எடுத்த மனிசன்ரை துணை ஆருக்கு வேணும்?"

6. ஆகையால் அந்த நிபந்தனையை நீக்கி, ஷெரோனுடைய இடம் அவளுக்கே என்று வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் அறியத்தருமாறு பணிவோடு கேட்கிறேன். அறிவித்தல் வராவிட்டால் திங்கட்கிழமை வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு உங்கள் வாசலில் வந்து இருப்பேன். அதற்கு மட்டும் துணையோடு வருவேன்: படம் பார்த்த மற்றத் தகப்பன்மாரையும் கூட்டிக்கொண்டு.

உங்கள் படிவத்தில் வைக்க மறுத்த கையெழுத்தை இம்மனுவில் வைக்கும்,

ம. வின்சன்ற்

இடம்: கொழும்புத்துறை
திகதி: 14.07.2025

பி.கு.: மேலுள்ளதை மகள்தான் தட்டச்சுச் செய்து தந்தாள். இதைத் தபாற்கந்தோரில் நின்று கையால் எழுதுகிறேன். விமானம் சரிந்தபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை, ஐயா. அதற்கு முன்னம், அந்தப் பெண் ஏறிப் போகையில், அவளுடைய தகப்பன் தொப்பியைக் கையில் பிடித்தபடி புல்வெளியில் நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் கண்டதால்தான் நான் சத்தி எடுத்தேன். இதை நான் ஷெரோனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் போகாமல் நின்றுவிடுவாள்.