துடக்கோ, இல்லையோ

1.11.97, சனி

கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிட்டேன். பகலில் பச்சைத் தண்ணீர், பொழுதுபட்டால் பாலும் பழமும். இந்தக் குளிருக்குள் இது உங்களுக்குத் தேவையா என்று மகேஸ்வரன் வருடா வருடம் புறுபுறுப்பான். இந்த முறை வாயே திறக்கவில்லை. இவர் செத்த பிறகு, அண்ணன் பெண்சாதி என்று என்னைச் சுவிசுக்கு, பாசலுக்குக் கூப்பிட்டு வைத்துச் சோறு போடுகிறவன். குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் ஒரு வார்த்தை புறுபுறுத்திருக்கலாம்.

அவன் மனைவி செல்வராணி இந்த முறை கடைசி நாளும் விரதம் பிடிக்கமாட்டாளாம். காஸ்ற்றிக்காம். போன வருடம் முதியோர் இல்லத்தில் கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டிக்கொண்டே கடைசி நாள் மட்டும் பிடித்தவள்.

நான் பிடிப்பது பிள்ளைக்காக. கஜீவன் இங்கே வருகிற வழியில் உக்ரேனில் நிற்கிறான். சரஸ்வதி பூசையன்று ரெலிபோன் எடுத்ததுதான் கடைசி. "எல்லையிலை ஒரு ஆறு இருக்கு அம்மா. அதைத் தாண்டினாச் சரி" என்றான். முருகா, சூரனையே இரண்டாகப் பிளந்தவன் நீ. ஒரு ஆறு உனக்கு எம்மாத்திரம்?

பின்னேரம் மட்டக்களப்பிலிருந்து கலாவதி எடுத்தாள். அவளுடைய மகன் தவச்செல்வனும் என் பிள்ளையும் களவாக ஆள் அனுப்புகிற ஒரே ஏஜென்சிக்காரனிடம் வந்தவர்கள், ஒரே அறையில் படுக்கிறவர்கள். அவள் முகம் எனக்குத் தெரியாது, குரல்தான் தெரியும்.

"அக்கா, என்ட பிள்ள ஏதும் கதைச்சானா?"

"இல்லைத் தங்கச்சி. ரெண்டு பேரும் ஒண்டாத்தானே நிக்கிறாங்கள். ஒருத்தன்ரை செய்தி வந்தா மற்றவன்ரையும் வந்த மாதிரித்தான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். விரத நாளில் நல்ல வார்த்தை சொன்ன திருப்தி.

2.11.97, ஞாயிறு

நாளைக்குத் தீவு நாடகம். திங்கள் பின்னேரம் ரீவியில், ஜெர்மன்காரரின் டொச்சில் போடுகிறார்கள். லக்சாயினி பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லுவாள். மகேஸ்வரனின் மகள், பதின்மூன்று வயது, வாய் நீளம், என்னைப் போல.

கப்பல் தாண்டு எட்டுப் பேர் ஒரு கல்லுத் தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். எட்டுப் பேரில் ஒருத்தராவது கடவுளே என்று கை கூப்பியதை நான் காணவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று அழுகிறாள் ஒருத்தி, உதட்டுப் பூச்சு மட்டும் அழியவில்லை. இவர்கள் கட்டுகிற மிதவையின் கயிற்றை யாரோ களவாக வெட்டுகிறார்கள். யார் என்பதுதான் மர்மம். எனக்கு மொட்டை டாக்குத்தரில் சந்தேகம். லக்சா, "அவர் நல்லவர் பெரியம்மா" என்கிறாள். நல்லவன் ஏன் எந்த நேரமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்?

எனக்குப் பிடித்தது அந்தத் தாயும் மகனும். நெட்டையன் என்று பெயர் வைத்திருக்கிறேன். தாய்க்குக் கால் முறிந்திருக்கிறது, அவன் தூக்கிக்கொண்டு திரிகிறான்.

3.11.97, திங்கள்

நித்திரை வரவில்லை, எழும்பி இருந்து எழுதுகிறேன். விரதம் என்று நினைத்தேன். இல்லை.

இன்றைய நாடகத்தில் நெட்டையன் தண்ணீர் தேடித் தீவின் அந்தப் பக்கம் போனான். வரவில்லை. டாக்குத்தரும் சிவப்புச் சட்டைக்காரியும் தேடிப் போனார்கள். பாறைக்குக் கீழே எதையோ கண்டார்கள். அவள் வாயைப் பொத்தினாள். பிறகு இரண்டு பேரும் கிடங்கு வெட்டினார்கள், பலகைத் துண்டால். கல்லுக் கல்லாக அடுக்கினார்கள். திரும்பி வந்து தாயிடம் என்னவோ சொன்னார்கள். அவள் சந்தோசமாகத் தலையாட்டினாள்.

"என்ன பிள்ளை சொன்னவை?"

லக்சா தலையணையை இழுத்து மடியில் வைத்தாள். "அவன் ஒரு போட்டைக் கண்டு, ஏறிப் போயிட்டானாம். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வருவானாம்."

"அது தாய்க்குச் சொன்னது. உண்மையா என்ன நடந்தது?"

"அதுதான் பெரியம்மா உண்மை."

"அப்ப கிடங்கு?"

"அது... சாமான் தாட்டவை."

சாமானைத் தாட்டுவிட்டு யார் அழுவார்கள்? எனக்கு டொச் தெரியாது, ஆனால் கண் குருடில்லையே. கிடங்குக்குள் வைப்பதற்கு முன்னம் அவள் குனிந்து தலைமயிரைத் தடவினாள். சாமானுக்குத் தலைமயிர் இருக்குமோ?

திரும்பிப் பார்த்தால் மகேஸ்வரன் பல்கனியில் நின்று சிகரெட் பற்றுகிறான். நாடகம் முடிய முன்னமே எழும்பிப் போய்விட்டான். செல்வராணி குசினியில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்கிறாள். கழுவ ஒன்றும் இல்லை.

4.11.97, செவ்வாய்

ஒரு நாடகத்துக்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்?

லக்சா பொய்காரி இல்லை. போன மாதம் கப்பல் தலைவன் செத்தபோது, "செத்திட்டான், நல்லாச் செத்திட்டான்" என்று கை தட்டினவள். இப்போது நெட்டையன் மட்டும் போட்டில் போகிறான்.

காலையில் தலை இழுத்துவிடும்போது மெதுவாகக் கேட்டேன். "நெட்டையன் திரும்பி வருவானோ பிள்ளை?"

தோள் குலுங்கியது. "தலை நோகுது பெரியம்மா, மெள்ள இழுங்கோ" என்றாள். சீப்பு இன்னும் தலையில் படவே இல்லை.

வேண்டாம். விரத நாளில் கண்டதையும் நினைக்கக் கூடாது. முருகா, முருகா, முருகா.

5.11.97, புதன்

சூரன்போர். திரிம்பாக் கோயிலுக்குக் காரில் போனோம், எல்லோரும். ஆனால் உள்ளே போனது நான் ஒருத்திதான்.

"கார் விட இடமில்லை அண்ணி, நான் இதிலை நிக்கிறன்" என்றான் மகேஸ்வரன். முன்னால் நாலு கார் விடலாம். செல்வராணிக்குக் காஸ்ற்றிக் ஏறிவிட்டதாம். லக்சாவைப் பார்த்தேன், அவள் சப்பாத்தைப் பார்த்தாள். பெரிய பிள்ளை, மாதச் சுகமில்லையாக்கும், ஏன் என்று கேட்கக் கூடாது என்று பேசாமல் இறங்கிப் போனேன்.

கஜீவன் பெயர், நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்வித்தேன். தவச்செல்வனுக்கும் சேர்த்து. அவன் நட்சத்திரம் கலாவதி சொல்லித் தந்தது. தேங்காய் நேராக உடைந்தது. சந்தோசமாகக் காருக்கு வந்து மகேஸ்வரனின் நெற்றியில் விபூதி வைக்கக் கையை நீட்டினேன். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

நெருப்பைக் கண்ட மாதிரி இழுத்தான்.

"மேல் அழுக்கு அண்ணி."

குளித்து, வேட்டி மாதிரி வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தவன்.

ஒரு வீட்டில் மூன்று பேரும் ஒரே நாளில் கோயில் வாசலோடு நின்றால், விபூதியும் தொடமாட்டார்கள் என்றால், விரதமும் பிடிக்கமாட்டார்கள் என்றால், அதற்கு ஒரு காரணம்தான் இருக்கிறது. செத்த வீட்டுத் தீட்டு, துடக்கு. செல்வராணி பக்கத்துச் சாவென்றால் அவள் ஒப்பாரி வைத்து வீட்டை இரண்டாக்கியிருப்பாள். எனக்கு மறைக்க வேண்டிய சாவு எது? என்னட்டை மறைக்க இந்த உலகத்திலை எனக்கு ஆர் இருக்கினம்?

ஒருத்தன்தானே இருக்கிறான்.

வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தேன். கோயிலில் சனம், பூ விலை, ஐயரின் தொண்டை அடைப்பு. நிற்பாட்டினால் கேட்டுவிடுவேன் என்று பயம். கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயம்.

6.11.97, வியாழன்

இன்று பாறணை, விரதம் முடிக்கிற நாள். செல்வராணி விடிய எழும்பிச் சோறு, பருப்பு, கறி எல்லாம் வைத்து வாழையிலைக்குப் பதில் பெரிய தட்டுப் போட்டாள். நான் தொடவில்லை.

"சாப்பிடுங்கோ அக்கா. உடம்பு என்னத்துக்காகும்?"

"மகேசைக் கூப்பிடு."

ரெஸ்ரோரண்ட் வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். நான் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"எனக்குத் துடக்கோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு. அதுக்குப் பிறகுதான் பாறணை."

அவன் சட்டைப் பொத்தானைப் பூட்டுகிறான், கழற்றுகிறான், பூட்டுகிறான்.

"தெரியாது அண்ணி."

"தெரியாதோ? துடக்குத் தெரியாமலோ நீ கோயில் வாசலிலை நிண்டனீ?"

அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். நாற்பத்தைந்து வயது மனிசன், குழந்தை மாதிரி. ஏஜென்சிக்காரன் போன மாதக் கடைசியில் வேலையிடத்துக்கு எடுத்தானாம். ஆறு கடக்கும்போது பொடியங்களில் ஒருத்தனைத் தண்ணீர் இழுத்துவிட்டதாம். மற்றவன் கரையேறி ஓடியதைக் கண்டவர்கள் இருக்கிறார்களாம். எங்கே ஓடினான் என்று தெரியாதாம். இரண்டு பேரும் வேறு ஆட்களின் பாஸ்போட்டில், வேறு பெயரில் வந்தவர்கள். கூட்டிப் போனவனுக்கு எது யார் என்று தெரியாதாம்.

"யாழ்ப்பாணப் பெடியனோ மட்டக்களப்புப் பெடியனோ எண்டு நாலு தரம் கேட்டனான் அண்ணி. கறுவல் ரெண்டு பேர் எண்டுதான் அவங்களுக்குத் தெரியுமாம்."

"தெரியாட்டி ஏன் துடக்குக் காத்தனீ?"

"சாமியோடை விளையாடேலாதே."

"அப்ப என்னை ஏன் உள்ளுக்கு விட்டனீ? நான் விளையாடலாமோ? தேங்காயும் கொண்டு, விளக்கும் கொண்டு, சிரிச்சுக்கொண்டு போனேனே! தடுத்திருக்கலாமேடா!"

"தடுத்தா ஏன் எண்டு கேப்பியள்" என்று செல்வராணி அழுதாள். "கேட்டா நாங்கள் என்னத்தைச் சொல்லுறது அக்கா? உங்கடை பிள்ளை பாதிச் செத்திட்டான் எண்டோ?"

லக்சா கதவோடு நின்றாள். அவளிடம்தான் எனக்குக் கோபம் வரவில்லை.

ஐயருக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். இப்படி ஒரு தாய், இப்படி ஒரு செய்தி, அவளுக்குத் துடக்கா என்று, யாரோ ஒருத்தியின் கதை மாதிரிக் கேட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. "செய்தி காதிலை விழுந்த நேரம் தொட்டுத்தான் துடக்கு அம்மா. உங்களுக்கு இன்னும் செய்தி வரேல்லை. சாப்பிடுங்கோ" என்றார்.

சாப்பிட்டேன். விரதத்தை முறித்தால் பிள்ளைக்குக் கூடாது. ஒவ்வொரு வாயும் கல்லு.

7.11.97, வெள்ளி

ஒரு பேய் நினைப்பு வந்தது. அது மற்றப் பொடியனாக இருக்கட்டும் என்று. நினைத்தவள் நான்தான். எழுதிவிட்டேன், கடவுள் பார்க்கட்டும்.

8.11.97, சனி

கலாவதி எடுத்தாள். செல்வராணி நான் தலை தோய்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

10.11.97, திங்கள்

ரீவி போடவேண்டாம் என்றாள் செல்வராணி. நான்தான் போட்டேன். "உள்ளதை உள்ளபடி சொல்லு, லக்சா" என்றேன். மகேஸ்வரன் எழும்பப் பார்த்தான். "இரு" என்றேன், இருந்தான்.

கால் முறிந்த தாய் தவழ்ந்து தவழ்ந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். எப்படிப் போனாள் என்று காட்டவில்லை. தாய் போவாள், அதைக் காட்டத் தேவையில்லை. கல்லுக் குவியலைக் கண்டாள். ஒரு கல்லை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். டாக்குத்தர் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"'உங்களுக்கு நோகக் கூடாது எண்டுதான் மறைச்சனாங்கள்' எண்டு சொல்லுறார் பெரியம்மா."

"அவள் என்ன சொன்னவள்?"

"'எனக்கு நோகக் கூடாது எண்டோ, உங்களுக்கு நோகக் கூடாது எண்டோ?' எண்டு கேக்கிறா."

பிறகு அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். நல்லது. ஆனால் அறைந்த கையாலேயே அவன் சேட்டைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். அங்கே பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

கயிறு வெட்டியது யார் என்று இன்றும் காட்டவில்லை. எனக்கு இனி அந்த அக்கறை இல்லை.

12.11.97, புதன்

ஒஸ்திரியாவிலிருந்து எடுத்தான். கஜீவன். என்ரை பிள்ளை. என்ரை குஞ்சு.

முகாமில் நிற்கிறானாம். கால்விரல் இரண்டு குளிரில் கறுத்துவிட்டதாம், வெட்ட வேண்டிவருமாம். வெட்டட்டும், வெட்டட்டும், விரல்தானே. நான் கத்திய கத்தில் கீழ்வீட்டுக்காரி மேலே வந்து மணியடித்தாள். செல்வராணி அவளையும் கட்டிப் பிடித்தாள்.

பிறகு அவன் சொன்னான்.

"தவம் ஆத்தோடை போயிட்டான் அம்மா. என்ரை கையைத்தான் பிடிச்சிருந்தவன். நான் விடேல்லை. அவன்தான் விட்டவன்."

அவன் விட்டது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. "தாய்க்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றான்.

"நீ சொல்லாதை. நான் சொல்லுறன்" என்றேன். பெரிய வாய்.

மகேஸ்வரன் குளித்துவிட்டு வந்து சாமித்தட்டில் விளக்கேற்றினான். நான் கும்பிடப் போனேன், கும்பிட முடியவில்லை. வெள்ளியன்று நினைத்ததை நினைத்தேன்.

13.11.97, வியாழன்

இன்று முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். எப்படித் தொடங்கினாலும் பொய் மாதிரி வருகிறது, அல்லது கொலை மாதிரி வருகிறது. மகேஸ்வரன் ஒரு கிழமைக்கு மேலாக இதைத்தானே வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தான். பாவம் அவன்.

14.11.97, வெள்ளி

காலையில் மணி அடித்தது. மகேஸ்வரன்தான் எடுத்தான். கேட்டுவிட்டு ரெலிபோன் வாயைக் கையால் பொத்திப் பிடித்தான். "மட்டக்களப்பு அண்ணி. இண்டைக்கு வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும், ஆறுதலாச் சொல்லுவம். நான் ஏதும் சமாளிக்கிறன்."

"கொண்டா இஞ்சை" என்றேன்.

அவள் காசு கட்டி ரெலிபோன் கதைக்கிற கொமினிக்கேசன் கடையில் நிற்கிறாள். பின்னால் யாரோ சத்தமாகக் கணக்குக் கேட்கிறார்கள், ஓட்டோச் சத்தம். "அக்கா, எப்படியக்கா சுகம்? நேத்து மாமாங்கக் கோயிலுக்குப் போய் வந்தனான், உங்கட மகனுக்கும் சேத்துத்தான். ஏதும் கதை தெரிஞ்சுதா?"

"தங்கச்சி, பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"மகள் நிக்கிறாள்." பிறகு குரல் இறங்கியது. "ஏனக்கா?"

"அவளைக் கையைப் பிடிக்கச் சொல்லு. ஒரு கதிரை வாங்கி இரு, அம்மா."

அவள் ஏன் என்று மறுபடி கேட்கவில்லை. கதிரை நிலத்தில் இழுபடுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது.